நிறுத்துவதற்கும் ஒரு படிவம்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் சுண்டுவும் அவரும் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அத்தானுக்கு இருமல் விட்டதா?

நாம் இரண்டு பேரும் போனில் பேசினால் பத்தாவது நிமிடம் சண்டை வந்துவிடுகிறது என்று அத்தான் சொன்னது சரிதான். இனிமேல் முக்கியமான விஷயமெல்லாம் கடிதத்தில். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அந்த மட்டில் எனக்கு லாபம்.

சுண்டுவுக்கு ஆறு வாரம் முடிந்துவிட்டது. பால் குடிக்கிறாள், தூங்குகிறாள், நான் தட்டில் கை வைத்ததும் அழுகிறாள். மூன்றாவது மாடி ஜன்னலில் அவள் துணிகளைக் காயப் போடும்போது துறைமுகத்துக் கிரேன்களின் தலை தெரிகிறது. ஏழு இருக்கிறது, நாலாவது என்னுடையது. நாலாம் மாதத்தில் என்னை ஏணியிலிருந்து இறக்கி, பிரசவம் வரை கீழே அலுவலகத்தில் பெட்டிப் பட்டியல் எழுத வைத்தார்களே, அப்போதிருந்து அதில் வேறொரு ஆள். பெட்டியை இறக்கும்போது ஆட்டுகிறான். இங்கிருந்து பார்த்தாலே தெரிகிறது.

உன் அலுவலகம் அனுப்பிய உதவித்தொகைப் புத்தகத்தைப் படித்தேன். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இருபது வருடமாக அங்கே வேலை பார்க்கிறாய். எனக்கு என்ன உண்டு, எத்தனை நாளைக்கு உண்டு என்று மனிதர் பேசுகிற மொழியில் எழுது.

உன் முழங்காலுக்குச் சூடு ஒத்தடம் கொடு. சொன்னால் கேட்க மாட்டாய், இருந்தாலும் எழுதுகிறேன்.

தங்கை


மார்ச் 15

குருவிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். முழங்கால் அப்படியேதான். ஒத்தடம் கொடுக்கிறேன், போதுமா? அத்தானின் இருமலும் வீட்டில் ஓர் ஆளாகிவிட்டது. இல்லாவிட்டால்தான் தேடுவோம்.

புத்தகம் புரியாதபடி எழுதினால்தானே எங்கள் கவுண்டருக்கு ஆள் வரும். கவனமாகப் படி.

குழந்தை பிறந்த நாளிலிருந்து ஒரு வருடம் உனக்கு முக்கால் சம்பளம். அது ஜனவரி இருபதோடு முடியும். அதன் பிறகு பிள்ளைக்கு மூன்று வயது ஆகும்வரை மாதாமாதம் பராமரிப்புத் தொகை. பெரிய தொகை இல்லை, ஆனால் வாடகைக்குக் கைகொடுக்கும். ஒரே நிபந்தனை: வாங்குகிற ஆள் எந்த வேலைக்கும் போகக்கூடாது. இவை தவிர தகப்பனுக்கென்று தனியாக இரண்டு மாதம் முக்கால் சம்பள விடுப்பு உண்டு. பிள்ளைக்கு ஒன்றரை வயது ஆவதற்குள் எடுக்க வேண்டும். அதை நீ எடுக்க முடியாது. மாப்பிள்ளை எடுக்காவிட்டால் போயே போய்விடும்.

எல்லாவற்றையும் எடு, ஒன்றையும் விடாதே. நாம் யார் வீட்டுப் பிள்ளைகள்? அன்றைக்குத் தியேட்டரில் சத்தமே வராத படத்தை அப்பா நம்மைக் கடைசிவரை உட்கார வைத்துப் பார்க்கவைத்தார், ஞாபகம் இருக்கிறதா? ஊரே எழுந்து போய்விட்டது. "டிக்கெட் வாங்கியாச்சு, எதுக்கு எந்திரிக்கணும்?" என்றார். நாயகி அழுதபோதெல்லாம் நான்தான் உனக்கு வசனம் சொன்னேன். அந்த ரத்தம்தான் உனக்கும் எனக்கும்.

நானும் மகனுக்கு மூன்று வயது ஆகும்வரை முழுதாக எடுத்தவள். ஒரு குறையும் இல்லை. இப்போது கவுண்டரில் என் தலைக்கு நேர் மேலே மின்விசிறி.

சுண்டுவை ரொம்பத் தூக்கி வைத்துப் பழக்காதே.

அக்கா


ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் நலம். சுண்டு குப்புற விழுகிறாள். விழுந்துவிட்டு, நான்தான் தள்ளிவிட்டது போல என்னை முறைக்கிறாள். உன் பக்கத்துச் சேதி எழுது.

நீ சொன்னதையெல்லாம் ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். ஆனால் எனக்கு ஒரு கணக்கு இருக்கிறது. கிரேன் உரிமத்துக்குப் பதினெட்டு மாதம்தான் தவணை. அதற்கு மேல் மேலே ஏறாமல் இருந்தால் உரிமம் போய்விடும். போனால் முதலிலிருந்து, கீழே நின்று சங்கிலி மாட்டுகிற வேலை, பயிற்சிக்கு இரண்டு வருடம் வரிசை. ஏழு வருடம் மேலே உட்கார்ந்தவளுக்கு அது ஆகாது, அக்கா. குழந்தை பிறந்ததிலிருந்து எண்ணினால் அடுத்த ஜூலை வருகிறது. அதனால் பராமரிப்புத் தொகையை ஆறு மாதம் மட்டும் வாங்கிக்கொண்டு ஜூலைக்குள் ஏறிவிடுவேன். அந்தச் சமயத்தில் அவர் தன் இரண்டு மாதத்தை எடுத்துச் சுண்டுவைப் பார்த்துக்கொள்ளட்டும். அதற்குள் காப்பகத்தில் இடம் கிடைத்துவிடும்.

அவரிடம் சொன்னேன். "எழுதிக் குடுத்துடறேன்" என்றார். பள்ளிக்கூடச் சமையற்கூடத்தில் காலை ஆறு மணிக்கே அடுப்பு மூட்ட வேண்டும், அதனால் சீக்கிரம் தூங்கப் போய்விட்டார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை


ஜூன் 11

குருவிக்கு,

சுகம். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். அத்தான் எலுமிச்சைத் தேனுக்கு மாறியிருக்கிறார்.

அதென்ன ஆறு மாதம்? இரண்டு வருடம் கொடுக்கிறேன் என்கிறான், வேண்டாம் ஆறு மாதம் போதும் என்கிறாய். யானை தருகிறேன் என்பவனிடம் வாலை மட்டும் கேட்கிற கதையாக இருக்கிறது. உரிமம் எங்கே ஓடிவிடும்? வரிசையில் நின்றால் திரும்பக் கிடைக்கும். பிள்ளை தவழ்வது திரும்பக் கிடைக்குமா?

நான் வெளிச்சோதனையில் இருந்தவள் என்பதை நீ மறந்திருப்பாய். மொபெட்டில் நாற்பது தெரு சுற்றி, யார் வீட்டில் உண்மையாகவே குழந்தை இருக்கிறது, யார் பொய்க் கணக்கு கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்து எழுதுகிற வேலை. மூன்று வருடம் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பியபோது நானே கேட்டுத்தான் கவுண்டருக்கு வந்தேன். வெயிலில் யார் அலைவது? உனக்கும் அந்த உயரமும் காற்றும் சலித்துப் போகும், பார்.

மாப்பிள்ளை எழுதிக் கொடுத்தாரா?

அக்கா


செப்டம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அத்தானும் மகனும் நலமாக இருக்க வேண்டும். பதிலுக்கு இவ்வளவு நாள் ஆனதற்குத் திட்டாதே. சுண்டுவுக்கு நாலு பல் வந்திருக்கிறது. நாலையும் என் தோளில் பதித்துக் காட்டினாள்.

தவழ்கிறாள், அக்கா. நீ சொன்னது சரிதான், பார்க்கப் பார்க்க அலுக்கவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. போன வாரம் அவளைத் தள்ளுவண்டியில் வைத்துத் துறைமுகக் கதவுவரை போனேன். சும்மாதான். கதவுக் காவலர் பார்த்துவிட்டு, "என்னம்மா, ஏணி ஞாபகம் வந்துருச்சா?" என்றார். "இல்லைங்க, இந்தப் பக்கம் நிழல்" என்றேன். அங்கே நிழலே கிடையாது. நாலாம் கிரேனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வந்தேன். இப்போதும் ஆட்டுகிறான்.

அவருடைய இடத்தில் தலைமைச் சமையற்காரர் மார்ச்சில் ஓய்வு பெறுகிறாராம். அடுத்து இவர்தான் என்று பேச்சு.

வேறொன்றும் இல்லை. முழங்காலைக் கவனி.

தங்கை


அக்டோபர் 1

குருவிக்கு,

எல்லாரும் சுகம். நான்கு பல்லுக்கும் என் முத்தம்.

பராமரிப்புத் தொகைக்கு விண்ணப்பத்தை நானே நிரப்பி இதோடு வைத்திருக்கிறேன். ஜனவரி இருபதிலிருந்து, மூன்று வயது முடியும்வரை என்று போட்டிருக்கிறேன். ஆறு மாதம் என்று போட எனக்குக் கை வரவில்லை. கையெழுத்துப் போட்டு அனுப்பு.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. மாப்பிள்ளை எழுதிக் கொடுத்தாரா, இல்லையா? அந்த இரண்டு மாதத்தை எங்கள் கவுண்டரில் பத்துத் தகப்பனில் ஏழு பேர் எடுப்பதில்லை. "ஆபீஸ்ல சிரிப்பாங்க" என்கிறார்கள். பெற்றபோது யாரும் சிரிக்கவில்லை, வளர்த்தால் சிரிப்பார்களாம். கையில் வந்து விழுவதைத் தட்டிவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

இங்கே புதிதாக ஒன்றும் இல்லை. வெளிச்சோதனைக்கு ஆள் போதவில்லை, உள்ளே இருக்கிறவர்களும் விண்ணப்பிக்கலாம் என்று நோட்டீஸ் வந்தது. நான்தான் பசை தடவிச் சுவரில் ஒட்டினேன். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அக்கா


நவம்பர் 8

அக்காவுக்கு,

எல்லாரும் நலம். உங்கள் நலமும் வேண்டும்.

கையெழுத்துப் போட்ட விண்ணப்பம் இதில் இருக்கிறது. சுண்டு பிடித்து இழுத்ததில் ஓரம் கொஞ்சம் கிழிந்துவிட்டது. செல்லும்தானே?

வேறு விசேஷம் இல்லை.

தங்கை


ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு யாருக்கும் ஒன்றும் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மீதியைப் படித்தால் நீ பயப்படுவாய்.

நேற்றுத் துறைமுகத்திலிருந்து கடிதம் வந்தது. என் உரிமம் பிப்ரவரி பத்தாம் தேதியோடு முடிகிறது. ஜூலை இல்லை, பிப்ரவரி. பதினெட்டு மாதத்தைக் குழந்தை பிறந்ததிலிருந்து எண்ணக்கூடாதாம். கடைசியாகக் கிரேன் அறையில் உட்கார்ந்த நாளிலிருந்து எண்ண வேண்டுமாம். அது ஆகஸ்ட் பத்து, என்னை ஏணியிலிருந்து இறக்கிய நாள். கீழே பட்டியல் எழுதிய ஐந்து மாதம் வேலைக்குத்தான் கணக்கு, உரிமத்துக்குக் கணக்கில்லை. நான்தான் முட்டாள். அலுவலகத்துக்குத் தினமும் போய் வந்ததால் வேலையில்தானே இருந்தோம் என்று இருந்துவிட்டேன்.

பத்தாம் தேதிக்குள் ஒரு முழு ஷிப்ட் மேலே உட்கார்ந்தால் போதும், இன்னும் பதினெட்டு மாதத்துக்கு உரிமம் நிற்கும். ஆனால் வேலைக்குத் திரும்பியவர்களைத்தான் ஏற்றுவார்கள்.

அதனால் கேட்கிறேன். ஒரே ஒரு நாள் போய் உட்கார்ந்துவிட்டு வந்து, பிறகு பராமரிப்புத் தொகையைத் தொடர்ந்து வாங்கலாமா? எங்கேயாவது ஒரு வழி இருக்கும், உனக்குத் தெரியாததா?

இன்னொன்று. அவர் எழுதிக் கொடுக்கவில்லை. ஜூனிலும் இல்லை, செப்டம்பரிலும் இல்லை. ஒவ்வொரு கடிதத்திலும் நீ கேட்டாய், எனக்கு எழுத வெட்கமாக இருந்தது. தலைமைச் சமையற்காரர் இடம் வருகிற நேரத்தில் இரண்டு மாதம் காணாமல் போனால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்று பயப்படுகிறார். "அடுப்படில இருக்கறவன் பிள்ளை பார்க்க லீவு கேட்டா, இவனுக்கு எதுக்குப் பெரிய கரண்டின்னு கேப்பாங்க" என்கிறார். அவர் மேல் எனக்குக் கோபம்தான். ஆனால் அவர் சொல்வதிலும் பொய் இல்லை.

சீக்கிரம் பதில் போடு.

தங்கை


ஜனவரி 14

குருவிக்கு,

சுகம். உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது.

வழி இல்லை. ஒரு நாள் சம்பளம் வரவில் ஏறினாலும் தொகை நின்றுவிடும். நின்றால் அதே பிள்ளைக்கு மறுபடி தொடங்காது. உனக்காகப் பிரிவுத் தலைவரிடமும் கேட்டேன். அவரும் அதைத்தான் சொன்னார்.

எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். உரிமம் போனால் போகட்டும். தொகைக்கு அனுமதி வந்துவிட்டது, இருபதாம் தேதியிலிருந்து வரப் போகிறது. இரண்டு வருடத்துத் தொகையை ஒரு நாள் ஷிப்டுக்காக விட்டுவிட்டு வருகிறேன் என்பது நம் வீட்டுப் பேச்சு இல்லை. பிள்ளைக்கு மூன்று வயதான பிறகு வரிசையில் நின்று பயிற்சி எடுத்துக்கொள். உனக்கு வயதா ஆகிவிட்டது?

மாப்பிள்ளையைத் திட்டாதே, ஆனால் என் சார்பில் ஒரு முறை முறைத்துவிடு.

அக்கா


ஜனவரி 27

குருவிக்கு,

பதிமூன்று நாளாகிவிட்டது, உன்னிடமிருந்து பதில் இல்லை. நலமாக இருக்கிறாயா என்று கேட்பதற்குப் பதில், இல்லை என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

போனை எடுத்து இரண்டு முறை வைத்துவிட்டேன். இதைப் போனில் சொன்னால் நீ நடுவில் ஏதாவது கேட்பாய், நான் பேச்சை மாற்றிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

கவுண்டரை நான் கேட்டு வாங்கவில்லை.

மூன்று வருடம் முடிந்து திரும்பிய அன்று, என் மொபெட்டை வேறொருவர் ஓட்டிக்கொண்டிருந்தார். என் நாற்பது தெருவையும் மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். "வேலை இருக்கும்மா, ஆனா அந்த வேலை இல்ல" என்றார் அப்போதிருந்த தலைவர். சட்டப்படி அவர் செய்தது சரி. அதே சம்பளம், அதே தரம். ஒரு வருடத்தில் திரும்பியிருந்தால் என் இடம் எனக்கே இருந்திருக்கும். அது எனக்கு முன்பே தெரியும், குருவி. விதி தெரியாமல் ஏமாந்தவள் இல்லை நான். தெரிந்தே, கொடுக்கிறதை விடக்கூடாது என்று உட்கார்ந்துவிட்டேன். முதல் வருடம் பிள்ளைக்காக இருந்தேன். அடுத்த இரண்டு வருடம் தொகைக்காக இருந்தேன். மகனைக் கொஞ்சிக்கொண்டே ஜன்னல் வழியாக யார் மொபெட் போகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

வீட்டில் எல்லாரிடமும் நானே கேட்டதாகச் சொன்னேன். சொல்லிச் சொல்லி எனக்கே பழகிவிட்டது. பதினாலு வருடமாகக் கவுண்டரில் ஒவ்வொரு தாயிடமும் "முழுசா எடுத்துக்கோங்கம்மா, விடாதீங்க" என்று சொல்கிறேன். சிலருக்கு அது நல்லதுதான். வேலையை வெறுத்தவர்களுக்கு, உடம்பு முடியாதவர்களுக்கு, வீட்டில் இருக்கவே ஆசைப்படுகிறவர்களுக்கு. உன்னை அப்படிக் கேட்கவே இல்லை நான். நிழலே இல்லாத இடத்தில் நிழலுக்கு நின்றேன் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த பிறகும், மூன்று வருடம் என்று விண்ணப்பத்தில் என் கையால் போட்டேன். நான் உட்கார்ந்தது தப்பில்லை என்று உன்னை வைத்து நிரூபிக்கப் பார்த்தேனோ என்னவோ. அதற்காக என்னை மன்னித்துக்கொள்.

இதோடு ஒரு படிவம் வைத்திருக்கிறேன். பன்னிரண்டாம் எண். தொகையைத் தானாக நிறுத்திக்கொள்வதற்கு. இருபது வருடத்தில் இந்தப் படிவத்தை நான் யாருக்கும் நிரப்பிக் கொடுத்ததில்லை, எடுத்தபோது கட்டின் மேல்தாள் மஞ்சளாகியிருந்தது. எல்லாம் எழுதிவிட்டேன். கையெழுத்து மட்டும் போட்டு, முப்பத்தொன்றுக்குள் உங்கள் ஊர் அலுவலகத்தில் கொடு. அங்கே இருக்கிறவர் ஏன் என்று கேட்பார். கேட்டால் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, அப்படி ஒரு விதி இருக்கிறது.

மாப்பிள்ளையின் இரண்டு மாதம் இன்னும் செத்துப் போகவில்லை. ஒரு வாரம் முன்னால் எழுதிக் கொடுத்தால் போதும், மறுக்க அவர்களுக்கு உரிமை இல்லை. எடுப்பதும் எடுக்காததும் உங்கள் இருவர் பாடு. அதில் நான் தலையிட மாட்டேன்.

அன்று தியேட்டரில் அப்பா எழுந்திருக்கலாம். டிக்கெட் காசு எப்படியும் போனதுதான். நாமாவது வெளியே போய்க் கொஞ்சம் விளையாடியிருப்போம்.

எழுந்து வா.

அக்கா


பிப்ரவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று இந்த முறை உண்மையாகவே எழுதுகிறேன். கைகால் மட்டும் வலிக்கிறது.

உன் கடிதம் வந்தபோது அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். எனக்குத் தனியாகப் படிக்க முடியவில்லை, சத்தமாகப் படித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வெங்காயம்" என்றார். பாதியிலேயே கத்தி நின்றுவிட்டது எனக்குத் தெரியும். முடித்ததும் நறுக்கியதை ஒரு பக்கம் தள்ளி வைத்தார். பிறகு, "பதினாலு வருஷம் கழிச்சு நீ இந்த மாதிரி ஒரு லெட்டர் யாருக்கும் எழுதக்கூடாது" என்றார். மறுநாள் காலை அடுப்பு மூட்டுவதற்கு முன்பே விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். சமையற்கூடத்தில் சிரித்தார்களாம். பெரிய கரண்டி அவருக்கு வருமா என்று தெரியவில்லை. தெரியவில்லை என்றுதான் அவரும் சொல்கிறார். பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். அவர் விடுப்பு முடிகிற ஏப்ரலில் காப்பகத்தில் இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

படிவத்தை வாங்கியவர் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை நிப்பாட்டறதுக்கா கொண்டுவந்தீங்க?" என்றார். ஆமாம் என்றேன். உன் விதி இருக்கும் தைரியத்தில் அதற்கு மேல் பேசவில்லை.

ஆறாம் தேதி ஏறினேன், அக்கா. நூற்றுப் பதினெட்டுப் படி. எண்பதாவதில் முழங்கால் நடுங்கியது, உன்னை நினைத்துக்கொண்டேன். அந்த ஆள் இருக்கையைத் தன் உயரத்துக்குப் பின்னால் தள்ளி வைத்திருந்தான். அதை முன்னால் இழுத்து, என் திண்டை முதுகுக்கு வைத்து உட்கார்ந்தேன். முதல் பெட்டி கொஞ்சம் ஆடியது. அவனைச் சொன்ன வாய்க்கு அது வேண்டியதுதான். மூன்றாவதிலிருந்து ஆடவில்லை. மத்தியானம் கீழே கதவுப் பக்கம் பார்த்தால், இவர் சுண்டுவைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்கிறார். அவள் கை ஆட்டினாள், ஐந்தாம் கிரேனைப் பார்த்து. பரவாயில்லை, இன்னும் நிறைய நாள் இருக்கிறது, கற்றுக்கொள்வாள்.

ஷிப்ட் முடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. அழுகை வந்தது. யாருக்கும் தெரியாத உயரம்தானே என்று நன்றாக அழுதுவிட்டு வேலையைப் பார்த்தேன்.

ஒன்று கேட்க வேண்டும். அக்டோபரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியதாக எழுதியிருந்தாய். அது இன்னும் சுவரில் இருக்கிறதா?

தங்கை


பிப்ரவரி 16

குருவிக்கு,

எல்லாரும் சுகம். முழங்காலுக்குப் பட்டை வாங்கிக் கட்டியிருக்கிறேன்.

நோட்டீஸ் சுவரில் இருக்கிறது. மார்ச் கடைசிவரை தவணை. அதற்கான விண்ணப்பம் அக்டோபரிலிருந்து என் கைப்பையில் இருக்கிறது. ஒட்டிய அன்றே எல்லாவற்றையும் நிரப்பிவிட்டேன், கையெழுத்து மட்டும் போடாமல் வைத்திருந்தேன்.

இன்று போட்டேன்.

அக்கா